கூட்ட அறை நெட்வொர்க் மைக்குகள்: எதிரொலி இல்லாமல் தெளிவாகக் கேட்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்ட அறைகளில் மைக்கும் ஸ்பீக்கரும் பொருத்தித் தருவது என் தொழில். வேலை முடித்துக் கிளம்பிய பிறகு வரும் போன்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். நடுவில் 12 பேர் உட்காரும் மேசை. கூரையில், பல மைக் குமிழ்கள் சேர்ந்த ஒரு சதுர அரே மைக், சுவரில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு டிவி, கூட்டம் நடத்த ஒரு கம்ப்யூட்டர். மூலையில் உள்ள ரேக்கில் ஒலியைக் கையாளும் டிஎஸ்பி பெட்டியும் ஒரு நெட்வொர்க் சுவிட்சும். மைக்கிலிருந்து டிஎஸ்பிக்கு ஒலி டான்டே வழியாகப் போகிறது. டான்டே என்பது ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கிய முறை. சாதாரண லேன் கேபிளிலேயே பல மைக்குகளின் ஒலியைக் கொண்டுபோகும்.

கூட்டத்தில் என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது. எங்கள் அறை மைக்கில்தான் கோளாறா?

இல்லை. கோளாறு எதிர்முனையில். உங்கள் குரல் அந்த அறைக்குப் போய் அங்குள்ள ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. அதை அங்குள்ள மைக் பிடித்து உங்களுக்கே திருப்பி அனுப்புகிறது.

இதையே திருப்பிப் பாருங்கள். உங்கள் அறை எதிரொலி கிளப்பினால் அது உங்களுக்குக் கேட்கவே கேட்காது, எதிர்முனைக்காரர்தான் படுவார். அவர் வாடிக்கையாளராக இருந்தால் மரியாதைக்காகச் சொல்லவும் மாட்டார். தன் குரல் அரை நொடி கழித்துத் திரும்ப வரும்போது பேச்சு தடுமாறும். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "சரி, மெயில்ல அனுப்பிடறேன்" என்று முடித்துக்கொள்வார். மோசமான அறைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பது இதனால்தான். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அங்கே எந்தக் குறையும் தெரிவதில்லை.

மூன்று நான்கு இடங்கள் இணைந்த கூட்டத்தில் யாரால் எதிரொலி என்று தெரியவில்லையா? ஒவ்வொருவராக மியூட் செய்யச் சொல்லுங்கள். யார் மியூட் செய்ததும் எதிரொலி நிற்கிறதோ, அந்த அறைதான்.

எதிரொலி, முழக்கம், ஊளை எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் வேறு, மருந்தும் வேறு. பேசியவருக்கே குரல் தாமதமாகத் திரும்பினால் அது எதிரொலி. பேசுபவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் அது அறையின் முழக்கம். ஸ்பீக்கரிலிருந்து 'கீ...' என்று ஏறிக்கொண்டே போனால் அது ஊளை, அதாவது ஃபீட்பேக். அந்த அறையில் பேசுவதையே அந்த அறை ஸ்பீக்கருக்கு அனுப்பினால் வருவது.

"எக்கோ அடிக்குது சார்" என்று வரும் போன்களில் பல உண்மையில் முழக்கம் பற்றியவை. எதிரொலி நீக்கத்தை எவ்வளவு கூட்டினாலும் முழக்கம் குறையாது. அதற்கு அறையைத்தான் பார்க்க வேண்டும்.

நல்ல விலையில் மைக் வாங்கிவிட்டோம். அறைக்கும் செலவு செய்ய வேண்டுமா?

கண்ணாடிச் சுவர், டைல்ஸ் தரை, வெறும் கூரை என்றால் ஆம். ஒலி அங்கே உறிஞ்சப்படாமல் சுற்றிச் சுற்றி வரும்.

இந்தக் கணக்கை முதலில் பிடித்தவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சாபின். 1895-ல் ஃபாக் அருங்காட்சியகத்தின் புது விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்க 5½ நொடி ஆகும். அதற்குள் நிதானமாகப் பேசுபவர்கூடப் பன்னிரண்டு பதினைந்து அசைகளைத் தாண்டியிருப்பார். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். சாபின் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவில் மண்டபத்துக்குச் சுமந்து வந்து, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஸ்டாப்வாட்சுடன் காதால் கேட்டு அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் வரும் என்பது அப்படிப் பிறந்த சூத்திரம்தான்.

நம் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். கன அளவு 120 கன மீட்டர். பேச்சுக்கு அரை நொடி முழக்கம் நல்லது. அதற்குச் சுமார் 39 சதுர மீட்டர் முழு உறிஞ்சல் வேண்டும். தரைப்பரப்பே 40 சதுர மீட்டர்தான். நல்ல உறிஞ்சும் கூரைப் பலகை, தரைவிரிப்பு, ஒரு பக்கம் கனமான திரை, துணி நாற்காலிகள், உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் இதை எட்டிவிடலாம். கண்ணாடியும் டைல்ஸும் மட்டும் இருந்தால் எட்ட முடியாது.

இதனால் மைக்குக்கு என்ன? வாயிலிருந்து நேராக வரும் ஒலியும், அறையில் சுற்றி வரும் ஒலியும் சம அளவாகும் ஒரு தூரம் உண்டு. எல்லாத் திசையும் கேட்கும் மைக்குக்கு, அரை நொடி முழக்கமுள்ள நம் அறையில் அது ஏறக்குறைய 88 சென்டிமீட்டர். முழக்கம் 1.2 நொடியானால் 57 சென்டிமீட்டர். அதைத் தாண்டி மைக்கை வைத்தால் பேச்சைவிட அறைதான் அதிகம் பதிவாகும். திசை பார்த்துக் கேட்கும் அரே மைக் இந்தத் தூரத்தைக் கொஞ்சம் நீட்டித் தரும். முழக்கத்தை அதனாலும் ஒழிக்க முடியாது. கையில் குறைந்த பணம் இருந்தால், மைக்கின் அடுத்த உயர்ந்த மாடலுக்குப் போகாமல் திரைச்சீலை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

கூரை மைக் நல்லதா, மேசை மைக் நல்லதா?

ஒலியை மட்டும் பார்த்தால் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதே வெல்லும். தூரம் இரட்டிப்பானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். 50 சென்டிமீட்டரில் இருக்கும், வளையும் கழுத்துள்ள கூஸ்நெக் மேசை மைக்குக்கும் 2 மீட்டரில் இருக்கும் கூரை மைக்குக்கும் 12 டெசிபல் வித்தியாசம். ஆனால் மேசை மைக்கின்மேல் காகிதம் உரசும், பேனா தட்டும், லேப்டாப் மூடி மறைக்கும். நாற்காலி இடம் மாறும் அறைக்குக் கூரை மைக் வசதி.

ஷூர் எம்எக்ஸ்ஏ910 போன்றவற்றில் 8 கேட்புக் கதிர்களை, அதாவது மைக் கவனிக்கும் திசைகளை, நீங்களே நாற்காலிகளை நோக்கித் திருப்பி வைக்கலாம். சென்ஹைசர் டீம்கனெக்ட் சீலிங் 2 தன் 28 மைக் குமிழ்களை வைத்துப் பேசுபவரைத் தானே தேடிக்கொள்ளும். எதுவானாலும், ஏசியின் காற்று வாயிலிலிருந்து தள்ளி மாட்டுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் திசையில் ஒரு கதிரும் போகக் கூடாது. மென்பொருளில் மைக்கின் உயரத்தையும், உட்கார்ந்திருப்பவர் தலை உயரத்தையும் டேப் வைத்து அளந்து போடுங்கள். உட்கார்ந்தவரின் வாய் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டரில் இருக்கும்.

எந்த சுவிட்ச் வாங்குவது?

ஜிகாபிட், மேனேஜ்டு (உள்ளமைப்பை நாமே மாற்றக்கூடியது), பிஓஇ (லேன் கேபிளிலேயே மின்சாரம் தருவது) உள்ளது. மூன்றும் வேண்டும். மைக்குக்கு மின்சாரமும் அதே லேன் கேபிளில் போவதால் மொத்த வாட் கணக்கைப் பாருங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. 8 போர்ட் இருந்தும் மொத்தம் 60 வாட்தான் தரும் சுவிட்சில் எட்டு மைக் செருகினால் சில எரியாமல் போகலாம். கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

'மேனேஜ்டு' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கல்லூரியின் கூட்ட அறையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலியில் 'டிக்' என்று ஒரு வெட்டு. கேபிளை மாற்றினோம், மைக்கை மாற்றினோம், டிஎஸ்பியை அழித்துப் புதிதாக அமைத்தோம். மூன்று நாள் போனது. நான்காம் நாள் ரேக்குக்குக் கீழே குனிந்தபோதுதான் சுவிட்சின் நெற்றியில் ஒட்டியிருந்த சின்னப் பச்சை இலைப் படத்தைப் பார்த்தேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 802.3ஏஇசட் வசதியுள்ள சுவிட்ச். போக்குவரத்து கொஞ்சம் ஓய்ந்ததும் போர்ட் அரைத் தூக்கத்துக்குப் போய்விடும். எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் வைக்க, நேரம் பிசகாமல் வரவேண்டிய கிளாக் தகவல் அதனால் தள்ளாடும். மேனேஜ்டு சுவிட்சில் இந்த வசதியை அணைக்க முடியும். அது அன்மேனேஜ்டு, அணைக்க வழியே இல்லை. சுவிட்சை மாற்றியதும் வெட்டு நின்றது.

சுவிட்சுக்குள் என்னென்ன அமைக்க வேண்டும்?

மின்சேமிப்பை எல்லா போர்ட்டிலும் அணையுங்கள். அப்புறம் கியூஓஎஸ், அதாவது எந்தப் பாக்கெட் முதலில் போகவேண்டும் என்ற வரிசை. டான்டே தன் பாக்கெட்டுகளில் முன்னுரிமை எண்ணைத் தானே ஒட்டி அனுப்பும்: கிளாக்குக்கு 56, ஒலிக்கு 46. சுவிட்ச் அந்த எண்ணை நம்பும்படி வையுங்கள். 56 முதல் வரிசை, 46 அடுத்த வரிசை, மற்றதெல்லாம் அதற்குப் பின். ஐடி துறையினர் தொலைபேசிக்காக 46-ஐ ஏற்கெனவே மேலே வைத்திருப்பார்கள். 56 விட்டுப்போயிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் பற்றித்தான் குழப்பம் அதிகம். பலருக்கும் போகும் மல்டிகாஸ்ட் தகவலை, கேட்பவர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் சுவிட்ச் அனுப்பும் வசதி அது. ஒரு மைக், ஒரு டிஎஸ்பி உள்ள அறையில் ஒலி நேருக்கு நேராக யூனிகாஸ்ட்டில் போகும், ஸ்னூப்பிங் இல்லாமலே ஓடும். ஒரே ஒலியைப் பல கருவிகளுக்கு மல்டிகாஸ்ட்டில் அனுப்பினால்தான் தேவை. தேவைப்பட்டால் அரைகுறையாக ஆன் செய்யாதீர்கள். ஸ்னூப்பிங் ஆன் செய்த நெட்வொர்க்கில் ஏதாவது ஒரு சுவிட்ச், யாருக்கு எது வேண்டும் என்று அவ்வப்போது விசாரிக்கும் 'குவெரியர்' வேலை பார்க்க வேண்டும். அது இல்லையென்றால், கேட்க ஆளில்லை என்று நினைத்து சுவிட்ச் மல்டிகாஸ்ட்டை நிறுத்திவிடும். டான்டேயின் கிளாக்கும் மல்டிகாஸ்ட்தான். அறை காலையில் நன்றாக ஓடி, சில நிமிடங்களில் கிளாக் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அலுவலக நெட்வொர்க்கோடு பகிர்வதானால் ஒலிக்கென்று தனி விலேன், அதாவது அதே சுவிட்சுகளில் தனியாகப் பிரித்த நெட்வொர்க், கேளுங்கள். ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 1.5 மெகாபிட்தான் ஆகும். அதனால் ஜிகாபிட் நிரம்பிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். வைஃபையில் டான்டே மைக் ஒலியை அனுப்ப முயல வேண்டாம்.

ஐபி முகவரி நிலையாக வைக்கலாமா, தானாக விடலாமா?

எதுவானாலும் சரி, கலக்காதீர்கள். டிஎஸ்பிக்கு 192.168 என்று கையால் போட்டுவிட்டு மைக்கைத் தானியங்கியில் விட்டிருப்பார்கள். ரவுட்டர் இருக்கும்வரை மைக்குக்கும் 192.168 கிடைத்து எல்லாம் ஓடும். ஒருநாள் மின்சாரம் போய் ரவுட்டர் எழாமல் மைக் மட்டும் எழுந்தால், அது 169.254 என்று தானே ஒரு முகவரி வைத்துக்கொள்ளும். டிஎஸ்பி ஒரு தெருவில், மைக் வேறு தெருவில். மின்வெட்டு வரும் ஊரில் சுவிட்சையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் போடுவது கட்டாயம். சின்னத் தனி நெட்வொர்க் என்றால் எல்லாவற்றையும் தானியங்கியில் விட்டு எல்லாமே 169.254-ல் இருந்தாலும் டான்டே நன்றாக ஓடும்.

கிளாக் என்றால் என்ன? டான்டே கருவிகளை இணைக்கும் டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாக் கருவியும் நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கின்றன. எல்லாம் ஒரே தாளத்தில் அளக்க ஒரு கருவி தலைமை தாங்கும், மற்றவை பின்பற்றும். எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் டிஎஸ்பிக்கு 'பிரிஃபர்டு லீடர்' என்று டிக் போட்டுவிடுங்கள். யாராவது லேப்டாப்பைக் கழற்றும்போது தலைமை மாறிச் சத்தம் வெட்டாது. கிளாக் நிலைப் பக்கத்தில் ஒரே ஒரு லீடர் இருக்க வேண்டும். இரண்டு தெரிந்தால் நெட்வொர்க் எங்கோ இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சாம்பிள் ரேட் எல்லாவற்றிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் இணைப்பே ஏற்படாது.

லேட்டன்சியை, அதாவது டான்டேயின் தாமதத்தை, எவ்வளவு குறைக்கலாம்?

1 மில்லிசெகண்டிலேயே விடுங்கள். 0.25-க்கு இறக்கி நீங்கள் மிச்சம் பிடிப்பது முக்கால் மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் காற்றில் ஒலி 26 சென்டிமீட்டர்தான் போகும். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாலே அது கிடைத்துவிடும். தொலைபேசிப் பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. அதில் பெரும்பங்கை இணையமும் மென்பொருளும் எடுத்துக்கொள்கின்றன.

எதிரொலி நீக்கம் எப்படி வேலை செய்கிறது? ரெஃபரன்ஸ் என்று கேட்கிறதே, எதைக் கொடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். நான் பார்த்த எதிரொலி அறைகளில் பெரும்பாலானவை ரெஃபரன்ஸ் தப்பாகக் கொடுத்த அறைகள்.

இந்த யோசனையின் வேர் தொலைபேசியில் இருக்கிறது. 1960-களில் செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசி ஓடத் தொடங்கியதும், 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கும் குரல் பேசியவருக்கே அரை நொடிக்கு மேல் தாமதமாகத் திரும்பியது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மன்மோகன் சோந்தி 1967-ல் தானே கற்றுக்கொள்ளும் எதிரொலி நீக்கியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். நம் டிஎஸ்பிக்குள் ஓடுவது அதன் வம்சம்தான்.

அது செய்வது இது. "ஸ்பீக்கருக்கு இந்த ஒலியை அனுப்பினேன். இந்த அறையில் அது எப்படி உருமாறி மைக்குக்கு வரும்?" என்று கணித்து, மைக்கில் வந்ததிலிருந்து அந்தக் கணிப்பைக் கழித்துவிடும். மிஞ்சுவது அறையில் இருப்பவர் பேச்சு. அறையின் 200 மில்லிசெகண்ட் நீளத் தடயத்தை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்திருக்க 9,600 எண்கள் வேண்டும். அத்தனையையும் அது நொடிதோறும் திருத்திக்கொண்டே இருக்கிறது.

"ஸ்பீக்கருக்கு அனுப்பிய ஒலி" என்று நீங்கள் காட்டுவதுதான் ரெஃபரன்ஸ். அதில் எதிர்முனைக் குரலும், கம்ப்யூட்டரில் ஓடும் வீடியோவின் ஒலியும் இருக்க வேண்டும். உங்கள் அறை மைக்குகளின் ஒலி துளிகூட இருக்கக் கூடாது. ஓர் அலுவலகத்தில் மொத்த மிக்ஸையே ரெஃபரன்ஸாக இழுத்துவிட்டிருந்தார்கள், அதில் அறை மைக்கும் சேர்ந்திருந்தது. டிஎஸ்பி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: மேசையில் பேசியவரின் குரலையே எதிரொலி என்று எண்ணிக் கழித்தது. எதிர்முனையில் கேட்டவர்களுக்கு அவர் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. இரண்டு மாதம் மைக்கைக் குறைசொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எந்த ஒலி எங்கே போகவேண்டும் என்று டிஎஸ்பியில் குறிக்கும் கட்டப் பலகையான மேட்ரிக்ஸில் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துவிட்டதும் குரல் தெளிந்தது.

அடுத்தது வால்யூம். ரெஃபரன்ஸ் எடுத்த இடத்துக்குப் பிறகு, ஆம்ப்ளிஃபயரின் குமிழில் யாராவது சத்தத்தைக் கூட்டினால் டிஎஸ்பிக்கு அது தெரியாது. கற்றுக்கொண்டதெல்லாம் பொய்யாகி, திரும்பக் கற்கும்வரை எதிரொலி கசியும். ஆகவே ஆம்ப் குமிழை ஒரு முறை வைத்துப் பூட்டிவிடுங்கள். சுவரில் உள்ள வால்யூம் பட்டன் டிஎஸ்பிக்குள், ரெஃபரன்ஸ் எடுக்கும் இடத்துக்கு முன்னால் வேலை செய்யட்டும்.

பல மைக் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எதிரொலி நீக்கம், அதற்குப் பிறகு பேசாத மைக்கைத் தாழ்த்தி வைக்கும் ஆட்டோமிக்சர் என்ற வரிசை நல்லது. மிக்ஸ் ஆன பிறகு நீக்கினால், மைக் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அறையே மாறியதுபோல் அதற்குத் தோன்றும்.

டிவியின் ஸ்பீக்கரையே பயன்படுத்தலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். படத்தை மெருகேற்றுவதற்காக டிவி ஒலியையும் பிடித்து வைத்துத் தாமதமாக விடும். அந்தத் தாமதம் எதிரொலி நீக்கியின் கணிப்பு நீளத்தைத் தாண்டினால் அது ஒன்றும் செய்ய முடியாது. டிவியே 'சரவுண்ட்', 'பேஸ் பூஸ்ட்' என்று ஒலியை வளைக்கவும் செய்யும். வேறு வழியில்லாவிட்டால் கேம் மோடில் போட்டு, ஒலி அலங்காரங்களை எல்லாம் அணையுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் இன்னும் மோசம், அதன் தாமதம் ஒரு நிலையாக நிற்காது.

ஜூம், டீம்ஸ் போன்றவற்றிலும் எதிரொலி நீக்கம் இருக்கிறதே?

இருக்கிறது. டிஎஸ்பி செய்தால் அங்கே முடிந்தவரை குறையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கழிக்கப் புறப்பட்டால், இருவர் சேர்ந்து பேசும்போது ஒருவர் குரல் துண்டு துண்டாகும். ஒரு வேலைக்கு ஒரு ஆள் போதும். அந்த ஆள் டிஎஸ்பியாக இருக்கட்டும், ஸ்பீக்கருக்கு என்ன போகிறது என்று நேராகத் தெரிந்தது அதற்குத்தான். நாய்ஸ் சப்ரஷனையும் குறைந்த அளவில் வையுங்கள்.

கெயின், அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவு, எவ்வளவு?

சாதாரணக் குரலில் பேசும்போது டிஜிட்டல் மீட்டர் மைனஸ் 20 டெசிபல் பக்கம் ஆடட்டும். சிரித்தால், மேசையைத் தட்டினால்கூட உச்சத்தைத் தொடக் கூடாது. முதலில் மைக் கெயினை முடித்துவிட்டுத்தான் எதிரொலி நீக்கத்தைப் பார்க்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் பக்கம், அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் போட்டால் ஏசியின் உறுமல் போகும்.

ஸ்பீக்கர் சத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். மைக்குக்கு நாற்காலியில் பேசுபவரைவிட ஸ்பீக்கர் பெரிதாகக் கேட்கும் அறையில் எந்த டிஎஸ்பியும் திணறும்.

ஆட்டோமிக்சர் தேவையா? முதல் எழுத்து முழுங்குகிறதே!

தேவை. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் அறை இரைச்சல் 3 டெசிபல் ஏறும், எட்டு மைக் திறந்திருந்தால் 9 டெசிபல். அதனால் பேசாத மைக்கைத் தாழ்த்தி வைக்கும் வேலையை ஆட்டோமிக்சர் பார்க்கிறது. இதில் இரண்டு வகை. கேட் வகை பேச்சு வந்தால் திறக்கும், நின்றால் மூடும். 1970-களில் டான் டூகன் கொண்டுவந்த கெயின் பகிர்வு வகை மொத்த அளவு மாறாதபடி எல்லா மைக்குக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும்.

முதல் எழுத்து முழுங்குவது கேட் தாமதமாகத் திறப்பதால். நம் மொழியில் இது சின்ன விஷயமில்லை. இருபது, அறுபது, எழுபது, எண்பது எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான், தலையில்தான் வித்தியாசம். ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பேச்சு நடக்கும்போது நான் ஹெட்போனோடு எதிர்முனை அறையில் உட்கார்ந்திருந்தேன். மேசைக் கோடியில் இருந்தவர் மெதுவான குரலில் கிலோவுக்கு விலை சொன்னார். எனக்குக் கேட்டது "...பது ரூபா". என் பக்கத்தில் இருந்தவர் இருபது என்று எழுதினார். சொன்னது அறுபது. திறக்கும் அளவை இறக்கினேன், மூடும்போது முழுதாக மூடாமல் 12 டெசிபல் மட்டும் தாழ்த்தினேன், மூடும் நேரத்தை அரை நொடிக்கு நீட்டினேன். அப்புறம் தலையெழுத்து விழவில்லை. கெயின் பகிர்வு வகை உங்கள் டிஎஸ்பியில் இருந்தால் முதலில் அதையே எடுங்கள்.

எல்லாம் செய்தும் எதிர்முனைக்கு எதிரொலி. எங்கிருந்து தேடுவது?

அறையில் இன்னொரு லேப்டாப்போ செல்போனோ அதே கூட்டத்தில் ஆடியோவோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் இங்கேயே முடியும். திரையைப் பகிர வந்தவர் ஆடியோ இல்லாமல் சேர வேண்டும்.

அது இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரை அணையுங்கள். ஸ்பீக்கரில் சத்தமே இல்லாதபோதும் எதிர்முனைக்கு எதிரொலி கேட்டால், அது காற்று வழியாக வரவில்லை, டிஎஸ்பிக்குள்ளேயே சுற்றுகிறது. எதிர்முனையிலிருந்து வந்ததை எதிர்முனைக்கே அனுப்பும் கட்டம் மேட்ரிக்ஸில் எங்கோ திறந்திருக்கும். அதை மூடுங்கள். கம்ப்யூட்டரில் மைக்காக டிஎஸ்பியும் ஸ்பீக்கராக டிவியும் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இது நடப்பதுண்டு. அப்படியானால் ரெஃபரன்ஸுக்கு ஒன்றுமே வராது.

ஆம்பை அணைத்ததும் எதிரொலி நின்றால் பிரச்சினை அறையில். ரெஃபரன்ஸ் மீட்டர் ஆடுகிறதா, ஸ்பீக்கர் சத்தம் அதிகமா, கதிர் ஏதாவது ஸ்பீக்கரைப் பார்க்கிறதா என்ற வரிசையில் போங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

அறையில் நின்று உறுதி செய்ய முடியாது. கட்டடத்துக்கு வெளியே ஓர் ஆள் ஹெட்போன் போட்டுக்கொண்டு கூட்டத்தில் சேர வேண்டும். அவர் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணட்டும், நீங்கள் அமைதியாக இருங்கள். அவர் குரல் அவருக்குத் திரும்பக் கூடாது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள், அவருக்கு உங்கள் எண்கள் அறுபடாமல் கேட்க வேண்டும். எதிரொலி நீக்கியின் தரம் தெரிவது இங்கேதான்.

அடுத்து ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து "வாலை, வாளை, வாழை" என்று வரிசை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அவர் கேட்டதை எழுதட்டும். முழக்கமோ, முரட்டுத்தனமான இரைச்சல் நீக்கமோ இருந்தால் இந்த மூன்றும் ஒன்றாகிவிடும். கடைசியாக ஏசியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, மெல்லிய குரல் உள்ள ஒருவரைக் கோடி நாற்காலியில் பேச வையுங்கள். அந்த நாற்காலிக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும்.

பழுதான மைக்கை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. டான்டே இணைப்புகளை நினைவில் வைப்பது கருவியின் பெயரையும் சேனலின் பெயரையும் கொண்டுதான். அதே மாடலில் புது மைக்கைச் செருகி, பழையதன் பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்தால் டிஎஸ்பி அதைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். இதே காரணத்தால், ஓடிக்கொண்டிருக்கும் அறையில் அழகுக்காகப் பெயரை மாற்றினால் ஒலி அறுந்துவிடும்.

கதிர்களின் கோணம், கெயின், ஃபில்டர் எல்லாம் மைக்குக்குள் இருப்பவை, அவற்றின் சேமித்த கோப்பை ஏற்ற வேண்டும். ஃபர்ம்வேர் பதிப்பும் கடவுச்சொல்லும் சரிபாருங்கள், தொழிற்சாலைக் கடவுச்சொல்லில் விட்ட கூட்ட அறை மைக் திறந்த கதவு மாதிரி. கருவிகளின் பெயர், சேனல் பெயர், சுவிட்ச் போர்ட் எண் மூன்றையும் ஒரு தாளில் அச்சடித்து ரேக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்து வருபவர் நானாக இல்லாமலும் இருக்கலாம்.